மாதம் தவறாமல் சளி பிடிக்கும் பிள்ளைக்கு எதிர்ப்பு சக்தி குறைவா?

கேட்டிருப்பவர் மதுரையிலிருந்து டெல்லிக்கு வந்து மயூர் விஹாரில் குடியிருக்கும் ஒரு தாய். மூன்றரை வயது மகன் நர்சரியில் சேர்ந்ததிலிருந்து மாதம் தவறாமல் மூக்கொழுகல், இருமல், இரண்டு நாள் காய்ச்சல். ஒரு முறை வீசிங் வந்து நெபுலைசரும் வைத்தார்கள். அனேகமாக ஒவ்வொரு முறையும் ஆன்டிபயாடிக் கொடுத்தாயிற்று. "இவனுக்கு எதிர்ப்பு சக்தியே இல்லை, ஏதாவது டானிக் கொடுத்து ஏற்று" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்கிறார்கள். அவன் நுரையீரல் பலவீனமானதா, டெல்லிதான் காரணமா, பேசாமல் ஊருக்கே திரும்பிவிடலாமா என்பது கேள்வி.

நுரையீரலின் நோய்த்தடுப்பு பற்றி ஆராய்ச்சி செய்கிறவன் நான், டெல்லியில்தான் இருக்கிறேன். பிள்ளையை நேரில் பார்க்கிற மருத்துவரின் இடத்தில் என்னை வைக்க வேண்டாம். ஆனால் இதற்குப் பின்னால் இருக்கும் உயிரியல் தெரிந்துவிட்டால் பாதிப் பயம் போய்விடும், வேண்டாத மருந்துகளும் குறையும். அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் நேரடியான பதில். நீங்கள் சொல்கிற அளவில் சளி பிடிப்பது அந்த வயதுக்கு இயல்பு. நர்சரி போகும் பிள்ளைக்கு வருடத்துக்கு 6 முதல் 8 முறை சளி பிடிக்கும். 10, 12 கூட ஆகலாம். அவை மழைக்காலத்திலும் குளிர்காலத்திலும் குவிந்து வருவதால், ஒன்று முடிவதற்குள் அடுத்தது தொடங்கி, பிள்ளை சேர்ந்தாற்போல மூன்று மாதம் சளியோடே இருப்பதாகத் தோன்றும். இருமல் எத்தனை நாள் இருக்கும் என்பதிலும் நம் கணக்கு தப்பு. ஒரு வாரத்தில் போய்விட வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால் பெரியவர்களுக்கே சராசரியாக 18 நாள் நீடிக்கிறது. குழந்தைகளில் பத்தில் ஒன்பது பேருக்கு இருமல் முழுதாக அடங்க 25 நாள் வரை ஆகிறது. எட்டாவது நாள் மருத்துவரை மாற்றுகிறோம், பன்னிரண்டாவது நாள் மருந்தை மாற்றுகிறோம். கடைசியில் அது தானாக அடங்கும்போது எந்த மருந்து கையில் இருந்ததோ அதற்குப் பேர் போய்ச் சேருகிறது.

ஏன் இத்தனை முறை? சளியை உண்டாக்கும் வைரஸ்கள் இருநூறுக்கும் மேல். ரைனோவைரஸில் மட்டுமே 160 வகைக்கு மேல் உண்டு; ஒரு வகைக்கு எதிராக உருவாகும் ஆன்டிபாடி (கிருமியைப் பிடிக்கும் எதிர்ப்புப் புரதம்) அடுத்த வகையை அனேகமாகத் தடுக்காது. ஆர்எஸ்வி என்ற வைரஸ் இரண்டு வயதுக்குள் ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரு முறையாவது வந்துவிடும், பிறகும் திரும்பி வரும். தாயிடமிருந்து நஞ்சுக்கொடி வழியாக வந்த ஆன்டிபாடிகள் முதல் வருடத்துக்குள் தேய்ந்துபோகின்றன. அப்புறம் ஒவ்வொரு வைரஸையும் பிள்ளையின் உடல் தானே சந்தித்து, தானே நினைவில் வைக்க வேண்டும். அமெரிக்காவின் டூசான் நகரில் குழந்தைகளைப் பிறப்பிலிருந்து பல வருடம் தொடர்ந்து பார்த்த ஓர் ஆய்வு உண்டு. பெரிய பகல்நேரக் காப்பகங்களுக்குப் போன பிள்ளைகளுக்கு இரண்டு வயதில் சளி அதிகம். பள்ளி வயதுக்கு வந்தபோது, வீட்டிலேயே வளர்ந்த பிள்ளைகளைவிட அவர்களுக்குத்தான் சளி குறைவு. 13 வயதில் வித்தியாசமே இல்லை. உங்கள் மகன் இப்போது இருப்பது அந்த முதல் கட்டத்தில்.

சரி, நுரையீரலுக்கு வருவோம். ஒரு பெரிய ஆள் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 10,000 லிட்டர் காற்றை உள்ளே இழுக்கிறார். அந்தக் காற்று மூச்சுக்குழாயில் தொடங்கி 23 முறை கிளை பிரிந்து, 30 கோடிக்கும் மேற்பட்ட காற்றுப்பைகளில் போய் முடிகிறது. அவற்றின் மொத்தப் பரப்பு சுமார் 70 சதுர மீட்டர். காற்றுக்கும் ரத்தத்துக்கும் இடையில் இருக்கும் சுவரின் தடிமன் ஒரு மைக்ரோமீட்டருக்கும், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும், குறைவு. அது தோலைப் போலத் தடித்திருந்தால் கிருமி எளிதில் நுழையாது, ஆக்ஸிஜனும் நுழையாது. தோலில் ஒரு கட்டி வீங்கிச் சீழ் வைத்தால் சில நாள் வலியோடு போய்விடும். அதே வீக்கம் காற்றுப்பைகளில் வந்து நீர் கோத்துக்கொண்டால் மூச்சே போய்விடும். ஆகவே நுரையீரல் கிருமியை அழிக்கவும் வேண்டும், அழிக்கிற வேகத்தில் தான் வீங்கிவிடாமலும் இருக்க வேண்டும். இந்த இரண்டாவது பாதியை நாம் யோசிப்பதே இல்லை. "எதிர்ப்பு சக்தியை ஏற்றுவது" என்ற பேச்சில் அது முற்றாக விடுபட்டுப் போகிறது.

மேல் பாதையில் பெரும்பாலும் துடைத்துத் தள்ளும் வேலைதான். 10 மைக்ரோமீட்டரைவிடப் பெரிய துகள்கள் பெரும்பாலும் மூக்கையும் தொண்டையையும் தாண்டுவதில்லை. அதற்குக் கீழே மூச்சுக்குழாய்களின் உட்சுவர் முழுக்க ஈரமான கோழைப் படலம். அதன் அடியில் ஒவ்வொரு செல்லிலும் இருநூறு, முந்நூறு குறுயிழைகள், வினாடிக்குப் பத்துப் பதினைந்து முறை ஒரே திசையில் அடித்து, படலத்தை மேல்நோக்கித் தொண்டைக்குத் தள்ளிக்கொண்டே இருக்கின்றன. அங்கே வந்ததும் தெரியாமலே விழுங்கிவிடுகிறோம். குழந்தை சளியைத் துப்பாமல் விழுங்குகிறதே என்று பல தாய்மார்கள் கவலைப்படுகிறார்கள். கவலை வேண்டாம், வயிற்றில் இருக்கும் அமிலம் அதைப் பார்த்துக்கொள்ளும். கோழைக்குள்ளேயே கிருமியைச் சிதைக்கும் லைசோசைம், பாக்டீரியாவுக்கு இரும்புச்சத்து கிடைக்காமல் செய்யும் லாக்டோஃபெரின், கிருமியைச் சுவரில் ஒட்டவிடாமல் பிடித்துக்கொள்ளும் ஐஜிஏ ஆன்டிபாடி எல்லாம் கலந்திருக்கின்றன.

இதையெல்லாம் மீறி வைரஸ் ஒரு செல்லுக்குள் புகுந்துவிட்டால், அந்தச் செல் சும்மா இருப்பதில்லை. தனக்குள் வைரஸின் மரபுப்பொருளான அந்நிய ஆர்என்ஏ பெருகுவதை உணர்ந்து இன்டர்ஃபெரான் என்ற புரதத்தை வெளியே விடுகிறது. அது பக்கத்துச் செல்களைத் தொட்டதும் அவற்றில் நூற்றுக்கணக்கான மரபணுக்கள் விழித்துக்கொண்டு வைரஸ் பெருக முடியாத நிலையை உண்டாக்குகின்றன. 1957-இல் லண்டனின் மில் ஹில் ஆய்வகத்தில் அலிக் ஐசக்ஸ், ஜீன் லிண்டென்மன் இருவரும் இதைக் கண்டுபிடித்தார்கள். எவ்வளவு முக்கியம் என்பது கோவிட் காலத்தில் தெளிவாகத் தெரிந்தது: தீவிரமாகப் பாதிக்கப்பட்டவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்குத் தன் இன்டர்ஃபெரானையே முடக்கும் ஆன்டிபாடிகள் உடலில் இருந்ததாக 2020-இல் ஆராய்ச்சியாளர்கள் காட்டினார்கள். உங்கள் மகனுக்கு வரும் காய்ச்சல், உடம்பு வலி, சோர்வு ஆகியவற்றில் பெரும்பங்கு இன்டர்ஃபெரானும் அதன் கூட்டாளிகளும் செய்யும் வேலையின் பக்கவிளைவு. மூக்கடைப்பும் அப்படித்தான். ரைனோவைரஸ் மூக்கின் செல்களை அவ்வளவாக அழிப்பதில்லை. ரத்தக் குழாய்களை விரித்து மூக்கை அடைக்க வைப்பது உடலின் எதிர்வினை. காய்ச்சலோடு சளி வருகிறது என்றால் அந்தப் பிள்ளையின் உடலில் எதிர்ப்பு நன்றாகவே நடக்கிறது என்று அர்த்தம்.

சளி மஞ்சளாக, பச்சையாக மாறியதும் ஆன்டிபயாடிக் கேட்பது நம் வீடுகளில் வழக்கம். அந்தப் பச்சை நிறம் பாக்டீரியாவின் நிறம் இல்லை. நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்களுக்குள் மைலோபெராக்ஸிடேஸ் என்ற, இரும்பு அடங்கிய ஒரு நொதி இருக்கிறது. அதன் நிறமே பச்சை. சளி பிடித்த மூன்றாம் நான்காம் நாள் அந்த அணுக்கள் வந்து குவிவதால் சாதாரண வைரஸ் சளியிலும் பச்சை வரும். நிறத்தை மட்டும் வைத்து ஆன்டிபயாடிக் தொடங்க எந்தக் காரணமும் கிடையாது. வைரஸ் மீது அந்த மருந்து வேலையே செய்யாது. குடலில் இருக்கும் நல்ல பாக்டீரியாக்களை அழித்து, மிஞ்சுகிறவற்றை மருந்துக்குப் பழக்கிவிட்டுப் போகும். இதில் என் கருத்து கடுமையானதுதான். நம் நகரங்களில் குழந்தைகளுக்குச் செய்யப்படும் மிகச் சாதாரணமான தவறு இது.

இருமல் ஏன் வாரக்கணக்கில் நீடிக்கிறது என்பதும் இப்போது புரியும். இன்ஃப்ளுயென்சாவும் ஆர்எஸ்வியும் குறுயிழைகள் உள்ள செல்களைத் தாக்கிச் சேதப்படுத்துகின்றன. வைரஸ் போன பிறகும், அடியில் இருக்கும் மூலச்செல்கள் பிரிந்து புதுச் செல்களாகி, அவற்றில் குறுயிழைகள் முளைத்துச் சீராக அடிக்கத் தொடங்கச் சில வாரம் பிடிக்கும். அதுவரை கோழையை மேலே கொண்டுவர உடலுக்கு இருமலை விட்டால் வழியில்லை. அந்த இருமலைச் சிரப் கொடுத்து அமுக்குவதில் பயனும் இல்லை. 4 வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்குச் சில சளி மருந்துக் கலவைகள் கூடாது என்று 2023-இல் மத்திய அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அறிவித்தது. 5 வயதுக்குக் கீழே இருமல் சிரப் பொதுவாகப் பரிந்துரைக்கத் தக்கதல்ல என்று 2025 அக்டோபரில் சுகாதார இயக்குநரகமும் சொன்னது. ஒரு வயது தாண்டிய பிள்ளைக்குப் படுக்கும் முன் ஒரு ஸ்பூன் தேன் இருமலைக் கொஞ்சம் குறைக்கும் என்பதற்கு ஆய்வு ஆதாரம் இருக்கிறது. ஒரு வயதுக்குள் தேன் கூடவே கூடாது. பாட்டுலிசம் என்ற ஆபத்தான நச்சு நோய் வரலாம்.

இனி கீழே, காற்றுப்பைகளுக்குப் போவோம். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. அங்கே கோழையும் இல்லை, குறுயிழையும் இல்லை. இருந்தால் காற்று பரிமாறாது. பதிலுக்கு இரண்டு ஏற்பாடுகள். ஒன்று சர்ஃபாக்டன்ட்: காற்றுப்பை ஒட்டிக்கொள்ளாமல் விரிந்தே இருக்கச் செய்யும் கொழுப்புப் படலம். குறைமாதக் குழந்தைகள் மூச்சுக்குத் திணறுவது இது போதாமல்தான். அதில் கலந்திருக்கும் எஸ்பி-ஏ, எஸ்பி-டி என்ற புரதங்கள் கிருமிகளின் மேல் ஒட்டிக்கொண்டு, விழுங்கும் அணுக்களுக்கு அவற்றைப் பிடித்துக் கொடுக்கின்றன. இன்னொன்று, காற்றுப்பைக்குள்ளேயே குடியிருக்கும் மேக்ரோஃபேஜ் என்ற விழுங்கும் அணு. எலிகளில் பார்த்தால், இவற்றின் முன்னோடிகள் கருவின் கல்லீரலில் தோன்றி, பிறந்த முதல் வாரத்திலேயே நுரையீரலில் குடியேறி, பிறகு அங்கேயே பெருகிக்கொள்கின்றன.

இந்த மேக்ரோஃபேஜ்களின் அன்றாட வேலை சண்டை இல்லை, துப்புரவு. பழைய சர்ஃபாக்டன்டைத் தின்று தீர்ப்பது, தூசியை விழுங்குவது, வழி தவறி வந்த ஒன்றிரண்டு பாக்டீரியாவை யாருக்கும் தெரியாமல் முடித்துவிடுவது. இவை வேலையை நிறுத்தினால் காற்றுப்பைகள் சர்ஃபாக்டன்டாலேயே நிரம்பிவிடும் ஒரு நோயே இருக்கிறது. சுற்றியிருக்கும் செல்கள் இவற்றை "அமைதியாக இரு" என்று ஓயாமல் அடக்கிவைக்கின்றன. அதற்கென்றே தனிப் புரதங்கள் உண்டு. கிருமியின் எண்ணிக்கை இவற்றின் கைக்கு மீறினால்தான் அந்த அடக்கம் தளர்ந்து, ரத்தத்திலிருந்து நியூட்ரோஃபில்களை வரவழைக்கும் அழைப்பு போகிறது. அவை வந்தால் கிருமி அழியும், உண்மைதான். ஆனால் மெல்லிய காற்றுப்பைக்குள் அவற்றின் நொதிகள் கொட்டுவது வெண்கலக் கடையில் யானை புகுந்த கதை. சுவர் கசிந்து நீர் கோக்கிறது. எக்ஸ்ரேயில் வெள்ளையாகத் தெரியும் நிமோனியா திட்டில் பெரும்பகுதி அந்த நீரும் அணுக்களும்தான்.

கட்டுக்கடங்காத எதிர்ப்பு எவ்வளவு கெடுதல் என்பதற்கு இரண்டு சம்பவங்களைச் சொல்கிறேன். 1966-இல் அமெரிக்காவில் ஆர்எஸ்விக்கு எதிராக, ஃபார்மலினில் கொன்ற வைரஸைக் கொண்டு செய்த தடுப்பூசியைக் கைக்குழந்தைகளுக்குப் போட்டுப் பார்த்தார்கள். ஆன்டிபாடிகள் உருவாகத்தான் செய்தன. ஆனால் அடுத்து நிஜ வைரஸ் வந்தபோது, ஊசி போட்ட குழந்தைகளுக்கு நோய் கடுமையாகி, பெரும்பாலோரை மருத்துவமனையில் சேர்க்க வேண்டியதாயிற்று. இரண்டு குழந்தைகள் இறந்தன. உருவான ஆன்டிபாடிகளால் வைரஸைச் செயலிழக்க வைக்க முடியவில்லை. அழற்சியை மட்டும் அவை பெருக்கின. அந்த அதிர்ச்சியிலிருந்து இந்தத் துறை மீள அரை நூற்றாண்டு ஆயிற்று. செல்லுக்குள் நுழைவதற்கு முன் வைரஸின் எஃப் புரதம் எந்த வடிவில் இருக்கிறது என்பதை 2013-இல் துல்லியமாகப் பார்த்த பிறகுதான் சரியான இலக்கு கிடைத்தது. 2023-இல் முதல் ஆர்எஸ்வி தடுப்பூசிகளுக்கு அனுமதி வந்தது.

இன்னொன்று நமக்கு நெருக்கமான காலத்தில் நடந்தது. 2020-இல் பிரிட்டனில் நடந்த ரெகவரி ஆய்வில், எதிர்ப்பைத் தணிக்கும் மலிவான பழைய ஸ்டீராய்டான டெக்ஸாமெத்தசோன், வென்டிலேட்டரில் இருந்த கோவிட் நோயாளிகளின் மரணத்தை மூன்றில் ஒரு பங்கும், ஆக்ஸிஜன் மட்டும் தேவைப்பட்டவர்களின் மரணத்தை ஐந்தில் ஒரு பங்கும் குறைத்தது. ஆக்ஸிஜன் தேவைப்படாதவர்களுக்கு அதனால் பலனே இல்லை. முதல் நாட்களில் எதிர்ப்பு தேவை. நுரையீரல் வீங்கிய கட்டத்தில் அதைத் தணிப்பதே உயிரைக் காக்கிறது. இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு யோசித்தால், பாட்டிலில் வரும் "இம்யூனிட்டி பூஸ்டர்" எதை, எங்கே, எவ்வளவு ஏற்றப்போகிறது என்ற கேள்விக்கு அதை விற்பவர்களிடம் பதில் இல்லை என்பது தெரியும். தினசரி வைட்டமின் சி சாப்பிட்டாலும் சாதாரண மக்களுக்குச் சளி பிடிப்பது குறைவதில்லை என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்துச் சொல்லிவிட்டார்கள். மிளகு ரசமும் சுக்கும் தாராளமாகக் கொடுங்கள், தொண்டைக்கு இதம், உடம்புக்கு நீர் சேரும். ஆவி பிடிக்க வைப்பது மட்டும் வேண்டாம்: கொதிநீர்ப் பாத்திரம் கவிழ்ந்து குழந்தைகள் வெந்துபோவது நிஜமாகவே நடக்கிறது.

ஆன்டிபயாடிக் எப்போதுமே வேண்டாமா என்றால், அப்படியும் இல்லை. வைரஸ் வந்து போன பின் பாக்டீரியா நுழைய ஒரு வாய்ப்பு திறக்கிறது. குறுயிழைகள் உதிர்ந்திருக்கின்றன. காற்றுப்பை மேக்ரோஃபேஜ்கள் பல அழிந்திருக்கின்றன. மிஞ்சியவையும், வைரஸை ஒழிக்க உடல் சுரந்த காமா இன்டர்ஃபெரானால், பாக்டீரியாவைப் பிடிக்கும் தங்கள் ஏற்பிகளை (செல்லின் மேல் இருக்கும் பிடிப்புப் புரதங்களை) குறைத்துக்கொள்கின்றன. மூக்கில் அதுவரை சாதுவாக இருந்த நிமோகாக்கஸ் என்ற பாக்டீரியா அந்தச் சமயம் பார்த்து உள்ளே இறங்குகிறது. 1918-இல் பம்பாய்த் துறைமுகம் வழியாக வந்து இந்தியாவில் ஒரு கோடிக்கும் மேற்பட்டோரைக் கொன்ற இன்ஃப்ளுயென்சாவில் நடந்ததும் இதுதான்: அக்காலத்தில் இறந்தவர்களிடமிருந்து எடுத்து அமெரிக்காவில் பாதுகாத்து வைத்திருந்த நுரையீரல் திசுக்களை 2008-இல் மறுபடி ஆராய்ந்தபோது ஏறக்குறைய எல்லாவற்றிலும் பாக்டீரியா நிமோனியாவின் அடையாளம் இருந்தது. ஆகவே நான்கைந்து நாளில் தேறிவந்த பிள்ளைக்குத் திடீரென்று மறுபடி உயர்ந்த காய்ச்சல் வந்து, மூச்சும் வேகமானால், அது புதிய செய்தி. அப்போது மருத்துவர் ஆன்டிபயாடிக் எழுதினால் தயங்காமல் கொடுங்கள், பாதியில் நிறுத்தாதீர்கள்.

வீசிங் பற்றியும் கேட்டிருந்தீர்கள். குழாயின் ஆரம் பாதியானால் காற்றோட்டத்துக்கான தடை 16 மடங்காகும். பிள்ளைகளின் குழாய்கள் ஏற்கெனவே சிறியவை; கொஞ்சம் வீங்கினாலே விசில் கேட்கும். நெபுலைசர் மருந்தை உள்ளே கொண்டுபோகும் கருவிதான். "வைத்தால் பழக்கமாகிவிடும்" என்ற பயத்துக்கு அடிப்படை இல்லை. குழாயைச் சுற்றிய தசை இறுகியிருந்தால் பயன்படும், வெறும் மூக்குச் சளிக்குப் பயன்படாது. ஸ்பேசர் என்ற குழல் பொருத்திய இன்ஹேலரும் அதே வேலையை அதே அளவு நன்றாகச் செய்யும்.

டெல்லிதான் காரணமா? சளிக்கு இல்லை. சளி மதுரை நர்சரியிலும் வந்திருக்கும். ஆனால் ஒவ்வொரு சளியும் எவ்வளவு ஆழமாக இறங்குகிறது, எத்தனை நாள் இழுக்கிறது என்பதில் இந்த ஊர்க் காற்றுக்குப் பங்கு உண்டு. இதை நான் மழுப்ப விரும்பவில்லை. நம் நாட்டின் விதிப்படி பிஎம் 2.5, அதாவது 2.5 மைக்ரோமீட்டரும் அதற்குச் சிறியதுமான துகள், 24 மணி நேரச் சராசரியில் கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது. உலக சுகாதார அமைப்பு 2021-இல் சொன்ன அளவு 15. உங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கும் ஆனந்த் விஹாரில் நவம்பர் மாதத்துப் பல நாட்களில் நம் விதியின் அளவே பல மடங்கு மீறப்படுகிறது. இந்தத் துகள்கள் மூக்கு, கோழை இரண்டையும் தாண்டிக் காற்றுப்பை வரை போகும். அங்கே மேக்ரோஃபேஜ்கள் அவற்றை விழுங்குகின்றன, ஆனால் கரித்துகளைச் செரிக்க முடியாது. இங்கிலாந்தின் லெஸ்டர் நகரக் குழந்தைகளின் மேக்ரோஃபேஜ்களில் எவ்வளவு கரி இருக்கிறது என்று அளந்து 2006-இல் ஒரு ஆய்வு வந்தது: கரி கூடக் கூட மூச்சுத்திறன் குறைந்திருந்தது. துகள்கள் படும்போது மூச்சுக்குழாய்ச் செல்களில் நிமோகாக்கஸ் ஒட்டிக்கொள்ளும் ஒரு ஏற்பி அதிகமாகிறது என்றும் ஆய்வகத்தில் காட்டியிருக்கிறார்கள். சிறு பிள்ளைகளுக்கு இது கூடுதலாக உறைக்கும். எடைக்கு எடை அவர்கள் நம்மைவிட அதிகக் காற்றை இழுக்கிறார்கள்; அவர்களுடைய காற்றுப்பைகளில் பெரும்பாலானவை பிறந்த பின்புதான் உருவாகின்றன. நல்ல செய்தியும் ஒன்று உண்டு. தெற்குக் கலிஃபோர்னியாவில் இருபது வருடம் போல நடந்த ஆய்வில், காற்று சுத்தமாக ஆக, அடுத்தடுத்து வந்த குழந்தைகளின் நுரையீரல் வளர்ச்சி அளவிடக்கூடிய அளவுக்கு மேம்பட்டது.

வெளிக்காற்றை நீங்கள் ஒருவராக மாற்ற முடியாது, வீட்டுக்குள் முடியும். ஒரு கொசுவர்த்திச் சுருள் எரிந்து முடியும்போது 75 முதல் 137 சிகரெட் அளவுக்கு நுண்துகள் வெளியாகிறது என்று அளந்திருக்கிறார்கள். அதைத் தூக்கிப் போட்டுவிட்டு வலை கட்டுங்கள். சாம்பிராணியும் ஊதுபத்தியும் பிள்ளை தூங்கும் அறையில் வேண்டாம். குளிப்பாட்டிய பின் தலைக்குச் சாம்பிராணி காட்டும் வழக்கத்தையும் விட்டுவிடுவதே நல்லது. குளிர்காலத்தில் இரவிலும் விடியற்காலையிலும் துகள் தரையோடு தேங்கும். மதிய வெயிலில் ஓரளவு மேலே கலையும். வெளியே விளையாடுவதையும் ஜன்னலைத் திறப்பதையும் அந்த நேரத்துக்கு மாற்றுங்கள். நாள் முழுக்க அடைத்தே வைத்தால் வீட்டுக்குள் ஒருவர் தும்முகிற வைரஸ் எல்லோருக்கும் சுற்றும். வசதி இருந்தால் தூங்கும் அறைக்கு நுண்துகளைப் பிடிக்கும் ஹெப்பா காற்று வடிகட்டி ஒன்று வாங்கலாம்.

எப்போது ஓட வேண்டும்? மூச்சை எண்ணுங்கள். பிள்ளை அழாமல் அமைதியாக இருக்கும்போது சட்டையைத் தூக்கி, ஒரு முழு நிமிடம். ஒன்று முதல் ஐந்து வயது வரை நிமிடத்துக்கு 40 அல்லது அதற்கு மேல் என்றால் வேகமான மூச்சு. 2 மாதம் முதல் ஒரு வயதுக்குள் 50. இந்த எளிய எண்ணிக்கைக்குப் பின்னால் நல்ல உடலியங்கியல் இருக்கிறது. இங்கே டெல்லி பல்கலைக்கழகத்தின் வடக்கு வளாகத்தில் இருக்கும் வல்லபாய் படேல் மார்பு நோய் நிறுவனத்தின் இயக்குநராக நெடுங்காலம் இருந்த அவ்தார் சிங் பெயின்டல், காற்றுப்பைகளை ஒட்டிய நுண்குழாய்களின் அருகே இருக்கும் ஜே ஏற்பிகள் என்ற நரம்பு முனைகளைக் கண்டறிந்தவர். நுரையீரல் திசுவில் நீர் கோக்கத் தொடங்கியதும் அவை தூண்டப்பட்டு, மூச்சு மேலோட்டமாகவும் வேகமாகவும் மாறுகிறது. ஸ்டெதாஸ்கோப் எதுவும் சொல்லாத கட்டத்தில்கூட மூச்சின் வேகம் சொல்லிவிடலாம். மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே உள்வாங்குவது, தண்ணீர்கூடக் குடிக்க முடியாமை, எல்லாவற்றையும் வாந்தி எடுப்பது, வலிப்பு, எழுப்பினாலும் சரியாக விழிக்காமை, உதடு நீலமாவது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் இரவா பகலா என்று பார்க்க வேண்டாம். நேற்றுவரை நன்றாக இருந்த பிள்ளைக்கு, வேர்க்கடலை மாதிரி எதையாவது தின்னும்போது புரையேறி, அதிலிருந்து திடீரென்று வீசிங் தொடங்கினால் குழாயில் ஏதோ சிக்கியிருக்கலாம், அதுவும் அவசரம்.

எதிர்ப்பு சக்தி நிஜமாகவே குறைவான பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களின் அடையாளம் வேறு: ஒரே வருடத்தில் இரண்டு முறை நிமோனியா, நரம்பு வழி ஆன்டிபயாடிக் இல்லாமல் தீராத தொற்றுகள், ஆழமான சீழ்க்கட்டிகள் திரும்பத் திரும்ப, ஒரு வயதுக்கு மேலும் போகாத வாய்ப்பூஞ்சை, எடை ஏறாமை, குடும்பத்தில் அப்படி ஒரு நோய். இவற்றில் ஏதாவது இருந்தால் ரத்தப் பரிசோதனை கேளுங்கள். இரண்டு வாரம் தாண்டிய இருமலோடு எடை குறைகிறது, அல்லது வீட்டில் யாருக்காவது காசநோய் இருந்தது என்றால் அதையும் பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் மகன் சளிகளுக்கு இடையில் ஓடியாடி, சாப்பிட்டு, எடை ஏறி வருகிறான் என்றால் அவன் எதிர்ப்பு சக்தியில் குறை இருக்க வாய்ப்பு மிகக் குறைவு.

ஊருக்குத் திரும்புவது பற்றி: சளிக்காக வேண்டாம். ஆனால் ஒவ்வொரு நவம்பரிலும் வீசிங் வருகிறது என்றானால், காற்று மிக மோசமாகும் வாரங்களை மதுரையில் கழிக்க வேலையும் பள்ளியும் இடம் கொடுத்தால் தாராளமாகச் செய்யுங்கள்.

கடைசியாகத் தடுப்பூசி. எதிர்ப்பை, தேவையான கிருமிக்கு எதிராக மட்டும், குறிபார்த்துத் தயார்படுத்த நமக்குத் தெரிந்த வழி இதுதான். நிமோனியாவை உண்டாக்கும் ஹிப் என்ற பாக்டீரியாவுக்கு எதிரான மருந்தும் சேர்ந்த பென்டாவேலன்ட் ஊசி 2011 டிசம்பரில் நாட்டிலேயே முதலில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும்தான் அரசுத் திட்டத்தில் வந்தது. நிமோகாக்கஸ் தடுப்பூசி 2017-இல் சில மாநிலங்களில் தொடங்கி 2021-இல் நாடு முழுக்க விரிந்தது. மகனின் அட்டையில் இரண்டும் முழுதாகப் போடப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். இன்ஃப்ளுயென்சா ஊசி அரசு அட்டவணையில் இல்லை; 6 மாதம் முதல் 5 வயது வரை வருடா வருடம் போடச் சொல்கிறது இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம். இதில் நம்மவர்களுக்கு ஒரு தனி விவரம் உண்டு. டெல்லியில் இன்ஃப்ளுயென்சா பெரும்பாலும் ஜூலை முதல் செப்டம்பர் வரை உச்சத்தில் இருக்கிறது. சென்னை, வேலூர் பக்கம் வடகிழக்குப் பருவமழையோடு அக்டோபர், நவம்பரில். இங்கே ஒரு அலை முடிந்து, தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போது அங்கே அடுத்தது நடந்துகொண்டிருக்கும். மே மாதமோ ஜூன் தொடக்கத்திலோ போட்டுவிட்டால் இரண்டு அலைக்கும் முன்பே பாதுகாப்பு உருவாகியிருக்கும். முதல் முறை போடுகிற பிள்ளைக்கு நான்கு வார இடைவெளியில் இரண்டு தவணை வேண்டும் என்பதால் ஏப்ரல் கடைசியிலேயே உங்கள் மருத்துவரிடம் கேட்டு வையுங்கள்.